பூச்சிக்கொல்லியைக் காட்டும் மின்முனை: கேள்வி பதில்

கேள்வி: நீரில் கரைந்துள்ள பூச்சிக்கொல்லியை ஒரு மின்முனை எவ்வாறு கண்டறிகிறது?

பதில்: கரிம பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பில் இயங்கும் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதியை முடக்கியே அதைக் கொல்கின்றன. அதே நொதியை மின்முனையின் மேல் பதித்து, அசிட்டைல்தயோகோலினைச் சேர்த்தால், நொதி அதைத் தயோகோலினாக உடைக்கும். அது மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது மின்னோட்டம் பிறக்கும். நீரில் மருந்து இருந்தால் நொதி முடங்கி மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவைக் கொண்டு மருந்தின் அளவைக் கணக்கிடுகிறோம். நஞ்சு கொல்லும் வழியையே அதைப் பிடிக்கும் வழியாக்கியதுதான் இம்முறையின் பெருஞ்சிறப்பு என்பேன்.

கேள்வி: ஐயா, எந்த மருந்து என்பதையும் கருவி சொல்லுமா?

பதில்: சொல்லாது. கார்பமேட் மருந்துகளும் சில கன உலோகங்களும் அதே நொதியை முடக்கும். இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. குளோர்பைரிபாஸ், பாரத்தியான் போன்றவை பாஸ்பரஸோடு கந்தகம் இரட்டைப் பிணைப்பில் இணைந்த வடிவில் இருக்கும்வரை நொதியை வலுவாகத் தாக்குவதில்லை. கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் வந்த பிறகே தாக்குகின்றன. பூச்சியின் உடலுக்குள் இம்மாற்றம் தானாகவே நிகழ்கிறது. சோதனைக் குப்பியில் நாம்தான் மாதிரியை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கருவி ‘நஞ்சு இல்லை’ என்று காட்டினால், அதை நம்பிக் கிணற்று நீரைக் குடிக்கச் சொல்ல நான் ஒருபோதும் துணியமாட்டேன். சந்தேகத்திற்குரிய மாதிரியை கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் இனங்காணும் வாயு நிறப்பிரிகை, நிறை நிறமாலை வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பியே உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: நொதி இல்லாமல் அளக்க முடியாதா?

பதில்: சிலவற்றை அளக்கலாம். மெத்தில் பாரத்தியானின் நைட்ரோ தொகுதியும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியும் மின்முனையிலேயே நேரடியாக ஒடுக்கமடையும், அதாவது எலக்ட்ரானை ஏற்கும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி அவ்வளவு எளிதில் வினைபுரிவதில்லை என்பதால், செம்பு அயனியுடன் அது இணையும் இயல்பைப் பயன்படுத்தி மறைமுகமாக அளக்கிறார்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த உணரி வாய்க்கால் நீரில் தடுமாறுகிறதே, ஏன்?

பதில்: மட்கிய கரிமப் பொருள்கள் மின்முனையில் படிந்து அதன் பரப்பை மூடிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லிக்கு அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், இத்தனை நுண்ணிய அளவில் சிறு படிவும் கணக்கைக் கெடுக்கும். வாய்க்கால் நீரிலேயே அளவு தெரிந்த மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளவீடு செய்யுங்கள்.

கேள்வி: உர நைட்ரேட்டுக்கும் இதே உணரி போதுமா?

பதில்: போதாது; அதற்கு நைட்ரேட் அயனித் தேர்வு மின்முனை வேண்டும். இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். உப்புக் கலந்த கடலோரக் கிணறுகளில் குளோரைடு குறுக்கிட்டு, அளவைக் கூட்டிக் காட்டும்.

கேள்வி: நொதி பதித்த மின்முனைப் பட்டையை மறுபடியும் பயன்படுத்தலாமா?

பதில்: கரிம பாஸ்பரஸ் பிணைந்து முடங்கிய நொதி தானாக மீள்வது அரிது. பிராலிடாக்சிம் என்னும் நஞ்சுமுறி மருந்தின் கரைசலில் ஓரளவு மீட்கலாம். எனினும் வயல் சோதனைக்கு ஒருமுறைப் பட்டையே நம்பகமானது. பயன்படுத்தும்வரை அதைக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள்.