அடைப்புக்குறிக்குள்ள ஒரு பாட்டுக்காரி

அக்கா, வணக்கம்.

நான் ஓசூர்ல ஒரு கம்பெனில மெஷின் ஷாப் சூப்பர்வைசர். வயசு 41. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடி ரூம்ல நாங்க அஞ்சு பேர் கூடி வாசிப்போம். ரெண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு கஹோன் (மேல உக்காந்து தட்டற மரப்பெட்டி), ஒரு புல்லாங்குழல். பாடறவங்க யாரும் கிடையாது, போன்ல ஒரிஜினல் பாட்டைப் போட்டுட்டு அது கூடவே வாசிப்போம். புதுசா யாராவது சேர்ந்தா, என்னென்ன வாத்தியம் வச்சிருக்காங்க, யாரோட பாதிப்பு, என்ன மாதிரி மியூசிக் பிடிக்கும்னு சொல்லணும், அது எங்க வழக்கம். என்கிட்ட ஒரு யமஹா எஃப்310, ஒரு எலக்ட்ரிக் கிட்டார், மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசசர், ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கு. பாதிப்புன்னா ராஜா சார், ரஹ்மான், மாண்டலின் ஸ்ரீனிவாஸ், பிங்க் ஃப்ளாய்ட். (வீட்ல அவங்க நல்லாப் பாடுவாங்க, ஆனா நான் வாசிச்சா பாட மாட்டேங்கறாங்க, ஸ்கேல் ஒத்துவரலன்னு சொல்றாங்க.) அடுத்ததா ஒரு நைலான் ஸ்ட்ரிங் கிட்டார் வாங்கலாமா? இந்த வயசுல லண்டன் ட்ரினிட்டி காலேஜ் மியூசிக் எக்ஸாம் எழுதறது லேட்டா? 432 ஹெர்ட்ஸ்ல ட்யூன் பண்ணினா மனசுக்கு நல்லதுங்கறாங்களே, அது உண்மையா?

எஸ்., ஓசூர்

தம்பி எஸ்.,

எந்த கிட்டார் வாங்கலாம்னு கேட்டு வர்ற கடிதத்துக்கு நான் பதில் போடறதில்ல. எனக்கு கிட்டார் பிடிக்கவே தெரியாது, நான் பாடறவ. ஆனா அந்த அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி போட்டீங்க பாருங்க, அதைப் படிச்சதுலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. கிட்டாருக்கு மாடல் நம்பர் உண்டு, ப்ராசசருக்கு ஒரு இடம் உண்டு, போன்ல இருக்கற பிங்க் ஃப்ளாய்டுக்குக் கூட வரியில இடம் உண்டு, வீட்ல கூடவே இருக்கற பாட்டுக்காரி மட்டும் அடைப்புக்குறிக்குள்ள.

சில்லறைக் கேள்விகளை முதல்ல முடிச்சுடறேன். லேட்டான்னா, எதுக்கு லேட்டு? கச்சேரி பண்ணித்தான் அரிசி வாங்கணுமா? இல்லல்ல, விடுங்க. ட்ரினிட்டி எழுதணும்னு தோணினா எழுதுங்க. இளையராஜா தன்ராஜ் மாஸ்டர்கிட்ட படிச்சு கிளாசிக்கல் கிட்டார்ல அந்தப் பரீட்சை எழுதினதை எல்லாரும் சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி அண்ணன் பாவலர் வரதராஜன் கூட ஊர் ஊரா மேடை ஏறி ஆர்மோனியம் வாசிச்சு வந்தவர்ங்கறது மட்டும் யார் ஞாபகத்துக்கும் வராது. அப்புறம் இந்த 432 சமாச்சாரம், தயவுசெஞ்சு என்கிட்ட கொண்டுவராதீங்க. ஏ-ங்கற ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுங்கறது பலபேர் சேர்ந்து வாசிக்க ஒத்துக்கிட்ட ஒரு அளவு, 432க்கு இறக்கினா அரைக்கட்டையில மூணுல ஒரு பங்குதான் இறங்கும், அதுல பிரபஞ்சமும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல பாடறவங்க காலங்காலமா அவங்கவங்க தொண்டைக்கு எது வசதியோ அதைத்தான் ஸட்ஜமா, அதாவது ஆதார 'ஸ'வா வச்சுக்கிட்டுப் பாடிருக்காங்க.

சரி, இப்ப அந்த வரிக்கு வரேன். ஸ்கேல் ஒத்துவரலன்னு அவங்க சொன்னாங்கல்ல, நீங்க என்ன பண்ணீங்க? ஒண்ணும் பண்ணல, எனக்கு எழுதிட்டீங்க. நடந்ததை நான் சொல்றேன், தப்பா இருந்தா திட்டி எழுதுங்க. யூட்யூப்ல ஒரு பையன் சொல்லிக்கொடுக்கறதைப் பாத்து ஒரு பாட்டு கத்துக்கிட்டீங்க, அது இ மைனர்ல இருக்கும், ஏன்னா கிட்டார்ல அதுதான் கைக்கு சுலபம்னு என் அக்கா பையன் சொல்லுவான். அதைப் பாடினது ஒரு ஆம்பளை. அதே சுருதியில உங்க வீட்டம்மா பாட ஆரம்பிச்சா சரணத்துல கீழ இறங்கறப்ப குரல் போய் வெறும் காத்து வரும், சரி மேல் ஸ்தாயில எடுக்கலாம்னா கத்தல் ஆயிடும், பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க. ரெண்டு தடவை முயற்சி பண்ணிருப்பாங்க, அப்புறம் குக்கர் விசில் அடிச்சிருக்கும், எழுந்து போயிருப்பாங்க. நீங்க அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு நினைச்சுக்கிட்டு ப்ராசசரை ஆன் பண்ணிருப்பீங்க.

சுருதியைச் சொல்ற கட்டைக் கணக்கு தெரியுமா உங்களுக்கு? ஆர்மோனியத்துல சி ஒரு கட்டை, டி ரெண்டு, இ மூணு, எஃப் நாலு, ஜி அஞ்சு, ஏ ஆறு, பி ஏழு, நடுவுல வர்ற கறுப்பெல்லாம் அரை, அதாவது ஒன்றரை, ரெண்டரை, நாலரை. பொதுவா ஆம்பளைக்குரல் ஒரு கட்டை ஒன்றரை கட்டையில உக்காரும், பொம்பளைக்குரல் அஞ்சு அஞ்சரை. ஆம்பளைங்க எல்லாரும் எப்பவும் கீழயே பாடலன்னும் தெரிஞ்சுக்கோங்க. மைக் இல்லாத காலத்துல நாடகத்துல கடைசி வரிசைக்குக் கேக்கணுமேன்னு உச்சத்துல பாடினாங்க, 1933ல 27 வயசுலயே போய்ச் சேர்ந்த எஸ்.ஜி.கிட்டப்பா அப்படிப் பாடினவர்தான். மைக் வந்தப்புறம் குரலும் கீழ வந்துடுச்சு, எம்.டி.ராமநாதன் மாதிரி அடிவயித்துலேர்ந்து மெதுவாப் பாடறவரை ஒரு ஹால் முழுக்க உக்காந்து கேட்டுச்சு. கருவி மாறினா குரல் மாறும், அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற.

எங்க ஊர் மன்னார்குடி பக்கம். மார்கழி மாசம் விடிகாலையில பஜனை, பொண்ணுங்கல்லாம் திருப்பாவை பாடிக்கிட்டே போவோம், முடிஞ்சப்புறம் மடத்துல உக்காந்து ஆளுக்கொரு பாட்டு. ஆர்மோனியம் வாசிச்சவர் கடைத்தெருவுல தையல் கடை வச்சிருந்தார், எங்களுக்கெல்லாம் டெய்லர் மாமா. கீபோர்டையே நகத்திக்கற ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம்லாம் அவர் கண்ணுல கூட பட்டிருக்காது, சாதாப் பெட்டி, துருத்தியில ஓட்டை விழுந்த இடத்துல சட்டை காலருக்கு வைக்கற கேன்வாஸ் துணியை பசை போட்டு ஒட்டிருப்பார். நடுவுல ஒரு ரீடு அடிக்கடி கரகரன்னு இழுக்கும், மூடியைத் திறந்து ஒரு காகிதத்துண்டை ரீடுக்கு அடியில விட்டு ஒரு இழு இழுப்பார், தூசி வந்துடும், பாட்டு பாதியில நின்ன மாதிரியே தெரியாது.

புதுசா ஒரு பொண்ணு பாட வந்தா உடனே பாடச் சொல்ல மாட்டார். "உனக்குத் தெரிஞ்ச பாட்டுல ரொம்ப மேல போற இடம் எது, அதை மட்டும் பாடு"ம்பார். அப்புறம் "இப்ப கீழ போற இடம்". பெட்டியைத் தொடவே மாட்டார் அதுவரைக்கும். ரெண்டையும் கேட்டுட்டு ஒரு கட்டையை அமுக்குவார், "இதுல ஆரம்பி". நாங்க அவர்கிட்டதான் பாவாடை சட்டை தைப்போம், கடையில ஒரு நீள நோட்டு இருக்கும், பேரு, உயரம், தோள், இடுப்புன்னு அளவு எழுதி, பாடற பொண்ணா இருந்தா அதே வரியில கடைசியில கட்டையும் எழுதிடுவார். எனக்கு அஞ்சுன்னு இருந்துச்சு. வயசுக்கு வந்தப்புறம் குரல் கொஞ்சம் இறங்கிச்சு, அடுத்த தீபாவளிக்கு அளவு எடுக்கறப்ப "ரெண்டு வரி பாடு"ன்னார், அஞ்சை அடிச்சுட்டு நாலரைன்னு எழுதினார், கேக்கக்கூட இல்ல.

அந்த மனுஷருக்கு ராக லட்சணம் தெரியுமா, ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கற கமகம் வருமான்னு கேட்டா வராதுதான். ஆர்மோனியத்துல நம்ம கமகம் வராதுன்னு சொல்லி 1940ல ஆல் இந்தியா ரேடியோ அதை ஒதுக்கியே வச்சுச்சு, 1971 வரைக்கும் தடை இருந்துச்சு. படிச்சவங்க சண்டை அது, நடக்கட்டும். ரேடியோவுல தடைன்னதும் எங்க ஊர் பஜனை மடத்துல யாரும் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடல.

அப்புறம் காலேஜ்ல லைட் மியூசிக் குரூப்ல சேர்ந்தேன். எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. அங்க கீபோர்டு வாசிச்ச பையன் பெரிய ஆளு, கை ஓடும் பாருங்க, அப்படி ஓடும். எனக்கு ரெண்டு கட்டை மாத்தணும்னு சொன்னா, "ஒரிஜினல் ஸ்கேல்ல பாட வராதுன்னா வேற பாட்டு எடுத்துக்கோ"ன்னான். எல்லாரும் சரின்னு தலையாட்டினாங்க. உண்மை என்னன்னா அவனுக்கு வெள்ளைக்கட்டையைத் தாண்டினா விரல் தடுமாறும், அதைச் சொல்ல வெக்கம், பழி என் தொண்டை மேல. எத்தனையோ பொண்ணுங்க 'எனக்குப் பாட வராது'ன்னு நம்பிக்கிட்டு இருக்கறது இப்படித்தான். பாட வரும்மா, கூட வாசிக்கறவங்களுக்கு மாத்தி வாசிக்கத்தான் வரல.

இன்னிக்கு அந்த சாக்கும் கிடையாது. கீபோர்டுல சுருதியை மாத்தற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, கரோக்கி ஆப்ல கீ ஏத்தி இறக்கலாம். ஆனா குரூப்புக்கு குரூப்பு ஒரிஜினல் ஸ்கேலைச் சாமி மாதிரி வச்சிருக்காங்க. ஏங்க, அந்த ஒரிஜினல் ஸ்கேல் எப்படி வந்துச்சு? அன்னிக்கு ஸ்டுடியோவுல நின்ன அந்தப் பாடகர் தொண்டையைப் பாத்து ஒரு மியூசிக் டைரக்டர் வச்சதுதானே? அவருக்குத் தச்ச சட்டையை உங்க வீட்டம்மாவுக்குப் போட்டுவிட்டு கை நீளமா இருக்குன்னு அவங்களைக் குத்தம் சொன்னா எப்படி?

கச்சேரிக்காரங்களைப் பாருங்க. புல்லாங்குழல் வாசிக்கறவர் பையைத் திறந்தா ஒரு கட்டுக் குழல் இருக்கும், ஒவ்வொரு சுருதிக்கும் ஒண்ணு. மிருதங்கக்காரர் மேல் சுருதிக்கு நீளம் குறைஞ்சதும் கீழ் சுருதிக்கு நீளமானதும்னு தனித்தனியா வச்சிருப்பார், அப்பவும் மேடையில உக்காந்து கல்லையும் மரத்துண்டையும் வச்சு வார்ல தட்டித் தட்டி பாடறவங்க தம்பூராவுக்குச் சேத்துக்கிட்டுதான் ஆரம்பிப்பார். அந்த உலகத்துலயும் பொம்பளைங்களுக்கு லேசுல கிடைச்சுடல. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் பெண்களுக்கு வாசிக்கறதே இல்லன்னு ரொம்ப காலம் இருந்தவர், அப்புறம் டி.கே.பட்டம்மாளுக்கு வாசிச்சார், கடைசியில அவர் பொண்ணே பட்டம்மாளுக்கு மருமகளாப் போனாங்க. எவ்வளவு பெரிய வித்வான், அவரே இறங்கி வந்தார், நம்ம மொட்டைமாடி வித்வான்களுக்கு என்ன வந்துச்சு?

பாதிப்புன்னு ஸ்ரீனிவாஸ் பேரை எழுதிருக்கீங்க. எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பையன் என்ன பண்ணினார்னு யோசிச்சீங்களா? மாண்டலின்ல ஜோடி ஜோடியா நாலு ஜோடித் தந்தி இருக்கும். அதுல நம்ம பாட்டு வாசிக்கணும்னு எலக்ட்ரிக் மாண்டலின்ல ஜோடியை எடுத்துட்டு ஒத்தைத் தந்தியா அஞ்சு போட்டுக்கிட்டார். பாட்டுக்கு எது வேணுமோ அதுக்கு வாத்தியத்தை வளைச்சார். நீங்க வாத்தியம் சேக்கறீங்க, பேரு சேக்கறீங்க, புதுசா வர்றவர்கிட்டயும் அதே கணக்கைத்தான் கேக்கறீங்க. "நீ யாருக்கு வாசிச்சிருக்க"ன்னு ஒருத்தரையாவது கேட்டிருக்கீங்களா? அஞ்சு பேர், அஞ்சு வாத்தியம், பாட ஆள் இல்லாம போன்ல வர்ற குரலுக்குப் பக்கவாத்தியம் வாசிச்சுக்கிட்டு இருக்கீங்க. அந்தக் குரலுக்கு மூச்சு வாங்காது, வரி மறக்காது, இன்னிக்கு ஜலதோஷம்னு சொல்லாது, அதனால நீங்க யாரும் காதைத் தீட்ட வேண்டிய அவசியமே வரல.

கோவமா எழுதிட்டேனோ? பரவால்ல. வேலை முடிஞ்சு வந்து ஞாயித்துக்கிழமையை இதுக்குன்னு ஒதுக்கற ஆளுங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே சந்தோஷம், டிவி முன்னாடி சாய்ஞ்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

இப்ப செய்ய வேண்டியது. அவங்களை உக்கார வச்சு பாடச் சொல்லாதீங்க, பரீட்சை மாதிரி ஆயிடும், பாட மாட்டாங்க. அவங்க பாட்டுக்கு ஏதோ வேலையா இருக்கறப்ப வாய்க்குள்ள பாடுவாங்கல்ல, அப்ப போன்ல ட்யூனர் ஆப்பை ஆன் பண்ணுங்க, பாட்டு எந்த ஸ்வரத்துல வந்து உக்காருதோ அதான் அவங்க சுருதி. ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, காலையில ஒண்ணு இருக்கும், ராத்திரி ஒண்ணு இருக்கும். ஜி-ன்னு வந்துச்சுன்னு வைங்க, அஞ்சு கட்டை. உங்க இ மைனர் மூணு கட்டை. கிட்டார் கழுத்துல மூணாவது ஃப்ரெட்ல ஒரு கேப்போவை (தந்தி எல்லாத்தையும் சேத்து அமுக்கற கிளிப்) மாட்டிட்டு நீங்க எப்பவும் பிடிக்கற அதே இ மைனரைப் பிடிங்க, ஜி மைனரா கேக்கும், புதுசா ஒரு கார்டு கத்துக்க வேண்டாம். சில நூறு ரூபா சமாச்சாரம். முதல் நாள் இன்ட்ரோ, சோலோ எதுவும் வேண்டாம், கார்டு மட்டும், அதுவும் மெதுவா. அவங்க வரியை இழுத்தா நீங்களும் இழுங்க, தாளம் தப்பிச்சுன்னு மூஞ்சியைக் காட்டாதீங்க. நடுவுல எழுந்து போனாங்கன்னா பின்னாடியே கிட்டாரைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க, விட்டுடுங்க, நாளைக்கு வருவாங்க.

அப்புறம் அவங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும் ஞாயித்துக்கிழமை மாடிக்குக் கூப்பிடுங்க. கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ்ல பிளஸ் மூணு வைக்கணும், கஹோன்காரருக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்ல, பாவம் புல்லாங்குழல்காரர்தான் முழிப்பார், ஒரே குழலை வச்சிருப்பார்னு நினைக்கறேன். அவருக்கு அஞ்சு கட்டைக் குழல் ஒண்ணு வேணும், நைலான் கிட்டாருக்கு எடுத்து வச்சிருக்கற பணத்துல தாராளமா வாங்கலாம். கேப்போ வாங்கறப்ப மட்டும் கவனமா இருங்க, கிளாசிக்கல் கிட்டாருக்குன்னு தட்டையா ஒண்ணு விப்பாங்களாம், அது உங்க யமஹா கழுத்துல சரியா உக்காராது, ரெண்டு தந்தி கொறகொறன்னு அடிக்கும்னு அக்கா பையன் சொல்றான், கிட்டாரைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாத்தே வாங்குங்க.