முன்னால் இருந்த பூஜ்யம் எங்கே போனது?

கணினி கேள்வி – பதில்

கே: ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். எக்செல்லில் வங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகிறது. சில எண்களில் கடைசி இலக்கமே மாறிவிடுகிறது. ஆதார் எண்ணோ ஏதோ 'இ+11' என்று நிற்கிறது. ஏன்?

ப: நீங்கள் அடிப்பது அடையாள எண். எக்செல் அதைக் கூட்டிக் கழிக்கும் தொகையாக நினைத்துக்கொள்கிறது. தொகைக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, அதனால் எடுத்துவிடுகிறது. 12 இலக்கம் வந்தால் சுருக்கிக் காட்டுகிறது. ஆதாரில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆபத்து கடைசி இலக்கம் மாறுவதில்தான். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்து என்டர் தட்டிய கணமே கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அப்புறம் எந்த ஃபார்மேட்டை மாற்றினாலும் அது திரும்ப வராது, பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அதனால் அடிப்பதற்கு முன்பே, காலியாக இருக்கும்போதே, அந்தப் பத்தியின் தலைப்பெழுத்தைச் சொடுக்கி முழுப் பத்தியையும் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் + 1 அழுத்தி, நம்பர் தாவலில் 'டெக்ஸ்ட்' தேர்வு செய்து ஓகே கொடுங்கள். பிறகு அடியுங்கள். கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். அது பிழையல்ல, அதைச் சொடுக்கி 'கன்வெர்ட் டு நம்பர்' மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பழைய கதை திரும்பும்.

இன்னொரு ஓட்டை: சிஎஸ்வி கோப்பை (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறப்பது. திறக்கும்போதே எண்கள் கெடும், அப்படியே சேவ் செய்தால் மூலமும் கெடும். டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவந்து, டேட்டா டைப்பைக் கண்டறிய வேண்டாம் என்ற தேர்வைக் கொடுங்கள்.

வங்கிக்கு அனுப்புமுன் பக்கத்துப் பத்தியில் 'லென்' ஃபார்முலா போட்டு இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே வங்கியின் கணக்குகளில் ஒன்று மட்டும் 15 என்று வந்தால் அங்கே ஒன்று விடுபட்டிருக்கிறது. இரட்டைப் பதிவைப் பிடிக்க 'கவுண்ட்இஃப்' போடுகிறவர்கள் கவனிக்க: 16 இலக்க எண்களை டெக்ஸ்டாக வைத்திருந்தாலும் அது முதல் 15 இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டு, வேறு வேறு கணக்குகளை ஒன்று என்று சொல்லிவிடும். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் சம்பந்தப்பட்டது. இலக்கங்களை எண்ணும் அந்த இரண்டு நிமிடச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

கே: குடியாத்தத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். நான் அடித்துக் கொடுக்கும் பத்திரிகை வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகப் போகிறது.

ப: பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் 'அ' தெரிகிறது. வாடிக்கையாளரின் போனில் அது இல்லை, அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வருகிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்கப் பொதுவான தனி எண் தரும் முறை யூனிகோடு. அதில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

பலரும் மாறத் தயங்குவது விரல் பழக்கத்துக்காக. அந்தக் கவலை வேண்டாம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பழைய டைப்ரைட்டர், பாமினி விசைப்பலகைகளும் இருக்கின்றன. விரல் போகிற வழியிலேயே போகும், திரையில் விழுவது மட்டும் யூனிகோடாக இருக்கும். ஆனால் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு புரியாது. அதற்குப் பின் வந்த இன்டிசைனுக்குப் போனால் பாரா அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' கொடுங்கள். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றலாம். நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்து அது மாற்றிவிடும் என்பதால், கல்யாணப் பத்திரிகையில் மின்னஞ்சல் முகவரியையும் ஆங்கிலத்தில் உள்ள பட்டங்களையும் மூலத்தோடு வைத்துச் சரிபாருங்கள்.

கே: ஆரணியில் பட்டுச்சேலை மொத்த வியாபாரம். ஜிஎஸ்டி எண், வங்கி விவரம், முகவரி என்று திரும்பத் திரும்ப காப்பி எடுத்தே கை வலிக்கிறது.

ப: விண்டோஸ் விசையும் 'வி'யும் சேர்த்து அழுத்துங்கள். முதல் முறை 'டர்ன் ஆன்' கேட்கும், கொடுங்கள். அதன்பின் காப்பி செய்த கடைசி 25 விஷயங்கள் பட்டியலாக நிற்கும், வேண்டியதைச் சொடுக்கினால் போதும். அடிக்கடி தேவைப்படுவதை 'பின்' செய்யுங்கள். கணினியை அணைத்துப் போட்டாலும் அவை மட்டும் இருக்கும். காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் தங்கும். கடையில் பலர் தொடும் கணினி என்றால் அதை உடனே நீக்கிவிடுங்கள்.

கே: சத்துவாச்சாரி. காலையில் நன்றாக ஓடும் டெஸ்க்டாப், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஊர்கிறது, சில நாள் தானாக அணைந்தும் போகிறது. புதிது வாங்க வேண்டுமா?

ப: வேண்டாம், அவசரப்படாதீர்கள். காலையில் சரியாக ஓடுகிறது என்பதே பாதிப் பதில். நம்ம வேலூர்க் கத்திரி வெயிலில் அறையே கொதிக்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் உள்ள இரண்டு ஸ்குரூவைக் கழற்றிப் பக்கத் தகட்டைத் திறங்கள். பிராசஸர் விசிறிக்கு அடியில் ஹீட்சிங்க்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் தூசு கம்பளிபோல் படிந்திருக்கும். புளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். அப்படியும் சூடு குறையாவிட்டால், பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வைக்கச் சொல்லுங்கள். மேஜையின் மூடிய அறைக்குள் சிபியூவை வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள்.

கே: யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரையும் சேர்க்கலாமா? (காட்பாடி)

ப: கூடாது. தாளில் மையை உருக்கி ஒட்ட வைக்கும் பாகம் சூடேறும்போது பல நூறு வாட் ஒரேயடியாக இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் அதைத் தாங்காமல், கணினியையும் சேர்த்து அணைத்துவிடும். பிரிண்டரைச் சுவர் பிளக்கில் நேராகக் கொடுங்கள்.