அடிக்கிற பிள்ளைக்குள்ளும் ஒரு வலி இருக்கும்

சகோதரி, எட்டாவது படிக்கும் மகன் ஆறாவது பையனின் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக் கொட்டினான், விஷயம் தெரிந்து அப்பா பெல்ட்டால் அடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த அடியை நிறுத்துங்கள். என் தம்பியும் அந்த வயதில் இப்படித்தான். ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவான், காலையில் பள்ளியில் யாரையாவது தள்ளிவிடுவான். தாத்தா இறந்து இரண்டு மாதம் என்றீர்களே, அதைப் பற்றி மகனிடம் யாராவது பேசினீர்களா? எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்க மாட்டான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது மெதுவாகக் கேளுங்கள். அப்புறம், அந்தச் சின்னப் பையன் பயந்து போயிருப்பான். வகுப்பாசிரியரிடம் சொல்லி, அவனுக்குச் சரியென்றால் மகனை நேரில் மன்னிப்புக் கேட்க வையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே கூப்பிடுங்கள்.