சிறுவர் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா?

தமிழ் முதுகலை முடித்திருப்பதாகவும், சிறுவர் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாகவும், ‘குழந்தைப் பாட்டில் ஆராய என்ன இருக்கிறது’ என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதே துறையில் ஆய்வு செய்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே, நீங்கள் ஆராயப்போகும் நூல்களும் இதழ்களும் உங்கள் கைக்கு எட்டுமா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கான நூல் அலமாரியில் தங்கிவிடும். சிறுவர் நூலோ கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, படம் வெட்டப்பட்டு, கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அம்புலிமாமா, கண்ணன், கோகுலம், பூந்தளிர் என்று ஒரு தலைமுறையே படித்த இதழ்களின் முழுத் தொகுதி ஓரிடத்தில் கிடைப்பது அரிது. 1840இல் நாகர்கோவிலிலிருந்து வெளிவந்த பாலதீபிகையைச் சிறுவர் இதழ் வரலாற்றில் எல்லோரும் குறிப்பிடுவார்கள். ஆனால் அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. எனவே மாவட்ட மைய நூலகத்தின் சிறுவர் பகுதி, மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் மின்னூலகம் ஆகியவற்றில் எந்த ஆண்டின் எந்த இதழ் இருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். தனியார் சேகரிப்பாளர்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டியலே உங்கள் தலைப்பின் எல்லையை வரைந்து கொடுத்துவிடும்.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிக அளவு ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்புப் பெற வழியுண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி காணும் தேசியத் தேர்வான நெட் தேர்வை எழுதிவிடுங்கள். அதன்வழி இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும், புத்தகச் செலவுக்கும் பயணத்துக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அபிசேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பையும், அதன்கீழ் ஆய்வு மையங்கள் உள்ள கல்லூரிகளில் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்களான நெறியாளர்களிடம் உள்ள காலியிடங்களையும் நேரில் சென்று கேட்டறிவதே நல்லது.

இனித் தலைப்பு. ‘இன்னார் பாடல்களில் அறக்கருத்துகள்’ என்ற வகை ஆய்வேடுகள் கவிமணிக்கும் அழ. வள்ளியப்பாவுக்கும் ஏற்கெனவே போதுமான அளவில் உள்ளன. அவர்கள் பெருமைக்குரியவர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை; ஆனால் உண்மை பேசு, உயிர்களிடம் அன்பு காட்டு என்று பாட்டிலேயே வெளிப்படையாக இருப்பதை எடுத்துத் தலைப்பு வாரியாக அடுக்குவதை ஆய்வு என்று நான் கருதவில்லை. சந்தம் குழந்தையின் நாவில் எப்படி நிற்கிறது, படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் எப்படிக் கதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, எந்தச் சாதி, எந்த வேலை, எந்த ஊர்க் குழந்தை கதைக்குள் வரவே இல்லை என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமான நம் பகுதியில் இருப்பவருக்கு இன்னொரு வளமும் உண்டு. கி. ராஜநாராயணன் இடைசெவலில் இருந்து கரிசல் காட்டின் வாய்மொழிக் கதைகளைத் திரட்டியவர். 2023இல் சாகித்ய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பாலசாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில், மக்களின் வாய்மொழிக் கதை, பாட்டு, வழக்கங்களை ஆராயும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு நெடுங்காலமாக நடந்துவருகிறது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே ஆச்சிமார் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில், ‘ஏலே, இங்க வா’ என்று அரசனும் நரியும் நெல்லைத் தமிழில்தான் பேசுவார்கள். அதே கதை சிறுவர் நூலாக அச்சேறும்போது பொதுத்தமிழுக்கு மாறி, கெட்ட வார்த்தையும் பயமும் நீக்கப்பட்டு, இறுதியில் ஒரு நீதி ஒட்டவைக்கப்படுகிறது. வாய்மொழியிலிருந்து அச்சுக்கு வருகையில் எது போயிற்று, யார் நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள் என்பதை ஒரே ஒரு வட்டாரத்தின் சில கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தாலே முழு ஆய்வேட்டுக்கும் பொருள் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இதைவிட அவசரமான வேலை இத்துறையில் இல்லை. கதை சொல்லும் ஆச்சிமார் குறைந்துவருகிறார்கள்.

குழந்தைகளையும் ஆய்வுக்குள் கொண்டுவாருங்கள். பெரியவர்கள் எழுதிய நூலைப் பெரியவரே படித்து முடிவு சொல்வது இத்துறையின் பழைய குறை. பள்ளி வகுப்பறையில் ஒரு கதையை வாசித்துக் காட்டி, அவர்கள் எங்கே கேள்வி கேட்கிறார்கள், எங்கே கவனம் கலைகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அதற்குத் தலைமையாசிரியரின் எழுத்துவழி அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். குழந்தைகளின் பெயரோ படமோ ஆய்வேட்டில் வரக் கூடாது.

வீட்டாருக்கு, தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர் பணிக்கு இந்தப் பட்டமும் மற்ற எந்தத் தலைப்பில் பெற்ற பட்டத்தைப் போலவே ஏற்கப்படும் என்று சொல்லுங்கள். நெறியாளரைப் பார்க்கப் போகும்போது வெறும் ஆர்வத்தை மட்டும் சொல்லாமல், நூற்பட்டியலையும் ஆய்வுக் கேள்வியை விளக்கும் இரண்டு பக்கக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுவர் இலக்கியத்தில் அதுவரை அக்கறை காட்டாத பேராசிரியர்கூட அதைப் படித்துவிட்டு உங்களை அமரச் சொல்லிப் பேசுவார்.