கேள்வி-பதில்: கிங் ரேஞ்ச் மலையிலிருந்து கடற்கரைக்கு

கலிபோர்னியாவின் லாஸ்ட் கோஸ்ட் என்ற கடற்கரைப் பகுதிக்கான நடைப்பயணம் குறித்து வந்த கடிதங்கள், சுருக்கமாக.

கிங் பீக் (1,246 மீட்டர்) ஏறி, பக் க்ரீக் பாதையில் கடற்கரைக்கு இறங்கப் போகிறேன். தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்கலாமா?

'தண்ணீர் புகாது' என்ற ஒரு சொல்லுக்காக நானும் ஒருமுறை இருமடங்கு விலை கொடுத்திருக்கிறேன். வெளியிலிருந்து தண்ணீர் புகவில்லை என்பது உண்மை. ஆனால் ஓடையைக் கடக்கையில் கணுக்காலுக்கு மேலே வழிந்து உள்ளே இறங்கிய தண்ணீரை வெளியேற விடாமல் காத்ததும் பூட்ஸின் அதே தண்ணீர் புகாத சவ்வுதான். மூன்று நாளும் காலுறையைப் பிழிந்து பிழிந்து நடந்ததில், ஈர மணல் உரசிக் குதிகாலில் தோலே மிஞ்சவில்லை. விற்பவர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்களே தவிர, ஓடையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். தண்ணீர் எளிதில் வடியும் வலைத்துணிக் காலணியே போதும். அதையும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், தடித்த காலுறையுடன் அணிந்து, கடையில் உள்ள சரிவுப் பலகையில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் வாங்காதீர்கள், ஏனெனில் அந்தப் பாதை சுமார் ஆயிரம் மீட்டரைச் சில கிலோமீட்டரிலேயே இறங்கிவிடுகிறது.

உணவை வைக்கும், கரடி திறக்க முடியாத கேனிஸ்டரை (கெட்டியான டப்பா) வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் வாடகைக்கு எடுக்கலாம்.

அனுமதிச் சீட்டு, திரும்பி வர வண்டி எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டோம். நாங்கள் கரையில் நடக்கும் நேரத்தில் கடல் ஏறியிருக்கும் என்கிறார்கள். வண்டிப் பணம் திரும்பக் கிடைக்குமா?

ஓத அட்டவணையைப் பார்த்த பிறகல்லவா தேதியைக் குறித்திருக்க வேண்டும்? மில்லர் ஃப்ளாட்டுக்குத் தெற்கே கிட்செல் க்ரீக் வரை கடல் ஏறும்போது நடக்க வழியே கிடையாது. பக் க்ரீக் பாதை உங்களைக் கொண்டுபோய் விடுவதும் அந்தப் பகுதிக்குள்தான். வண்டிக்காரர் மீது தவறில்லை. தேதியையோ நேரத்தையோ மாற்றித் தருவாரா என்று பணிவாகக் கேளுங்கள்.

'எல்லா இடத்திலும் செல்லும்' என்ற விளம்பரத்தை நம்பி, உணவு வைக்க, கரடி கிழிக்க முடியாத துணிப்பை வாங்கினேன். கிங் ரேஞ்சில் அது செல்லாதாம். விற்றவர் பதிலே தருவதில்லை.

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அங்கே இரவு தங்குவோருக்குக் கெட்டிச் சுவருள்ள கேனிஸ்டர் கட்டாயம் என்பதால், விளம்பரத்தின் அந்த வரி பொய். அவர் அதை நீக்குவதற்குள் படம் பிடித்து வையுங்கள். அமெரிக்கக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள், சொன்னபடி பொருள் வரவில்லை என்று அட்டை நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். பையைத் தூக்கி எறியவும் வேண்டாம், திருப்பி அனுப்பச் சொல்வார்கள்.