பாத்ரூம் ஒழுகுது சார்: கேள்வி பதில்

குளியலறை, டைல்ஸ், ஒழுகல் பற்றி மட்டும் கேளுங்கள். மொட்டை மாடியை இதில் இழுக்க வேண்டாம், அது தனிக் கதை.

கே: டைல்ஸ் இடுக்குகளை எபாக்சி பிசின் போட்டு அடைத்துவிட்டால் தனியாக வாட்டர்ப்ரூஃபிங் எதற்கு? (தாம்பரம்)

ப: எபாக்சி தண்ணீர் குடிக்காது, சரி. ஆனால் சுவரும் தரையும் சேருகிற மூலையிலும் நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் வெளியேறுகிற துளை) வாயைச் சுற்றியும் என்றைக்காவது மயிரிழை விரிசல் விடத்தான் செய்யும். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கிற பூச்சு. டைல்ஸ் கழுவுவதற்கும் கண்ணுக்கும்தான்.

கே: புது வீடு, முதல் மாடி பாத்ரூமுக்கு 9 அங்குலம் சங்கன் (குழாய் போகத் தளத்தை இறக்கிவிடுகிற பள்ளம்) விட்டிருக்கிறோம். கொத்தனார் ஒன்று சொல்கிறார், பிளம்பர் ஒன்று சொல்கிறார். எந்த வரிசையில் வேலை வாங்குவது? (திருச்சி)

ப: முதலில் குழாய். கழிவுக் குழாய் ஸ்லாபைத் துளைத்துப் போகிற இடத்தைக் குனிந்து பாருங்கள், சிமெண்ட் சாக்கைச் சுருட்டித் திணித்து மேலே கலவையைத் தடவியிருப்பார்கள். நான் பார்க்கிற ஒழுகல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பம். அதைப் பிடுங்கிவிட்டு, கீழே பலகை முட்டுக் கொடுத்து, சுருங்காத க்ரௌட் (சிமெண்ட் குழம்பு) ஊற்றி நிரப்பச் சொல்லுங்கள். சுவரை வெட்டிக் காடி எடுத்துப் பதித்த, தண்ணீர் வரும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்குக் கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டு, மீட்டர் முள் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகு காடியை மூடலாம்.

அப்புறம் சங்கன் பள்ளத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசி இல்லாமல் கூட்டி, மூலை முழுக்கக் கலவையால் சின்ன வளைவு கொடுக்க வேண்டும், ஏனென்றால் நேர் மூலையில் பூச்சு கிழியும். பவுடரும் திரவமும் கலக்கிற பாலிமர் சிமெண்ட் பூச்சை ஒரு திசையில் ஒரு கோட், காய்ந்ததும் அதற்குக் குறுக்கே இன்னொரு கோட். தரை மட்டத்துக்கு மேல் ஒரு அடி சுவரில் ஏற வேண்டும், ஷவர் சுவரில் ஆறு ஏழு அடி.

பூச்சு நன்றாக இறுகியதும் குழாய் வாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டுங்கள். 48 மணி நேரம். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, கீழ்வீட்டுக் கூரையை டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டு இல்லை என்றால்தான் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அதுவும் செங்கல் உடைசலும் கலவையுமாக. இடித்த ரப்பிஷைக் கொட்ட விடாதீர்கள். நிரப்பிய பரப்புக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் கொடுத்து, அங்கேயும் ஒருமுறை பூச்சு. இதை விட்டால் சங்கன் பள்ளம் தொட்டியாகிவிடும், வருடக்கணக்கில் அழுக்குத் தண்ணீர் உள்ளே நிற்கும்.

கே: எந்தக் கம்பெனி கெமிக்கல் நல்லது? (மதுரை)

ப: பெயர் சொல்ல மாட்டேன். பையில் தேதியைப் பாருங்கள், தூரிகை ஓடவில்லை என்று பக்கெட்டில் தண்ணீர் சேர்க்கிறாரா என்பதையும் பாருங்கள்.

கே: கீழ்வீட்டில் சொட்டுகிறது. டைல்ஸை உடைக்காமல் சரிபண்ண முடியுமா அண்ணா? (வேளச்சேரி)

ப: முதலில் எங்கிருந்து என்று கண்டுபிடியுங்கள் தம்பி. யாரும் குளிக்காத நேரத்திலும் சொட்டினால் பெரும்பாலும் தண்ணீர் வரும் குழாய்தான், மெயின் வால்வை மூடிவிட்டுக் குறைகிறதா பாருங்கள். குளித்த பிறகு மட்டும் என்றால் தரை அல்லது கழிவுக் குழாய். ட்ராப் வாயை அடைத்து, கலர் கரைத்த தண்ணீரைத் தரையில் கட்டுங்கள். கீழே கலர் இறங்கினால் தரை. வாயைத் திறந்து விட்ட பிறகு இறங்கினால் குழாய் இணைப்பு. இடுக்கு மட்டும் போயிருந்தால் சுரண்டி எபாக்சி அடைத்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம். அடிப்பூச்சே இல்லை என்றால் மேலே எதைத் தடவினாலும் காசுதான் போகும். செலவு யாருடையது என்பதை உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள்.

கே: நான் கொத்தனாருங்க. முப்பது வருசமா சிமெண்ட் பால் ஊத்தித்தான் ஒட்டுறேன், ஒரு டைல்ஸ் விழுந்ததில்ல. டைல்ஸ் ஒட்டுற கம்மு கம்முன்னு சொல்லி வீட்டுக்காரங்க காசைக் கரைக்கிறீங்க. (சேலம்)

ப: அண்ணே, நீங்கள் ஒட்டியது தண்ணீரில் ஊறப்போட்ட செராமிக். அது சிமெண்ட் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இப்போது வருகிற விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, சிமெண்ட் எதைப் பிடிக்கும்?

கே: அப்ப அஞ்சு உருண்டை கம்மு வெச்சு அமுக்குறானே, அது மட்டும் நிக்குமா? (அதே கொத்தனார்)

ப: நிற்காது, அதில் நான் உங்கள் கட்சி. பல் கரண்டியால் டைல்ஸ் முதுகு முழுக்கக் கம்மை இழுக்க வேண்டும். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம், அதில் தண்ணீர் தேங்கும், உப்பு பூக்கும். ஒட்டி முடித்ததும் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், ‘டொக்’கென்று பொள்ளலாகக் கேட்டால் கழற்றச் சொல்லுங்கள்.

கே: சுவர் தூக்கு இல்லாம முக்கால் அங்குலம் கோணலா இருந்தா உங்க கம்மு என்ன பண்ணும்? கலவைன்னா நான் அங்கேயே சரிக்கட்டுவேன். (அவரேதான்)

ப: நியாயம். கம்மு (அட்ஹெசிவ்) சில மில்லிமீட்டர் கனத்துக்குத்தான். கோணலை முன்னாலேயே தூக்குக்குண்டு பிடித்துச் சுவர்ப் பூச்சு வேலையில் எடுக்க வேண்டும், அந்தக் கூலியை வீட்டுக்காரர் தர வேண்டும். அதை மிச்சம் பிடிக்கிற வீட்டில்தான் உருண்டை வைக்கிறார்கள்.

கே: எந்த பிராண்ட் வாங்கலாம்? (நாகர்கோவில்)

ப: மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றலாமா சார்? (ராமநாதபுரம்)

ப: ஊற்றினால் கறையோடு இடுக்குச் சிமெண்டும் போகும்மா. குளித்ததும் வைப்பரால் தள்ளி விடுங்கள், கறையே பாதியாகும்.

கே: பெஸ்ட் பிராண்ட்?

ப: அடுத்த கேள்வி.

கே: சார், தண்ணீர் கட்டி ஒரு நாள் ஆகிறது, கோடு அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. வெயிலில் ஆவியாகியிருக்கும் என்கிறார் மேஸ்திரி. டைல்ஸ்காரர் நாளைக் காலை வருகிறார். (திருநெல்வேலி)

ப: பாத்ரூமுக்குள் ஏது வெயில்? பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள், பக்கெட்டில் இறங்காமல் தரையில் மட்டும் இறங்கினால் ஒழுகுகிறது. டைல்ஸ்காரருக்கு இப்போதே போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.