கிராமுக்குப் பதில் கோப்பையா?

கேள்வி: கேக் செய்முறையில் மைதா 250 கிராம் என்று இருக்கிறது. தராசு இல்லாததால், 250 மில்லி கோப்பையால் ஒரு முறை அளந்து போடலாமா?

பதில்: கூடாது. மில்லியும் கிராமும் ஒத்துப்போவது தண்ணீருக்குத்தான். மாவுத் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்திருப்பதால், அந்தக் கோப்பை ஏறக்குறைய 130 கிராம் மைதாவைத்தான் கொள்ளும். சர்க்கரை என்றால் சுமார் 210 கிராமும், தேன் என்றால் 350 கிராமும் பிடிக்கும். ஆகவே உங்களுக்கு இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவான மைதா வேண்டும். அதிலும் கோப்பையை மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால், மாவு அழுந்தி எடை கூடி, கேக் இறுகிவிடும் என்பதால், முதலில் மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் தளர்வாக நிரப்பி, கத்தியின் முதுகால் விளிம்பு மட்டத்துக்கு வழித்துவிடுங்கள். அடிக்கடி கேக் செய்வதானால், சிறிய மின்னணுத் தராசு ஒன்றை அவசியம் வாங்கிவிடுங்கள்.